ஒரு பெயரில் இரண்டு பூச்சிகள்

இரண்டு பொருள்கள் ஒன்றுபோலத் தோன்றும்போது அவை ஒன்றா, இரண்டா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? மொழியியலைக் கற்பவர் முதலாண்டிலேயே எதிர்கொள்ளும் கேள்வி இது. உயிரினங்களை வகைப்படுத்துபவரும் இதே கேள்வியை எதிர்கொள்கிறார். இரு துறைகளும் இதற்கு விடை காணும் முறையில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஜொகூரில் வாழும் நமக்கு நன்கு அறிமுகமான அன்னாசிச் செடியில் சாறு உறிஞ்சி வாழும் இரண்டு மாவுப்பூச்சி இனங்களைக் கொண்டு அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்விரண்டும் ஒரே அறிவியல் பெயருக்குள் அடங்கியிருந்தன. அந்தப் பெயர் பிரிந்த வரலாறு, அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் பயன்தரும் பாடமாகும்.

ஒன்றா, இரண்டா?

முதலில் மொழியிலிருந்து தொடங்குவோம். 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் வருகிறது. ஆயினும் சொல்லின் முதலில் அது அதிர்வின்றி ஒலிக்கிறது. ஙகர மெய்யை அடுத்து அதிர்வுடன் ஒலிக்கிறது. உயிர்களுக்கு இடையே உரசொலியாக மென்மை அடைகிறது. காதுக்கு மூன்று ஒலிகள். ஆனால் ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. மாற்றி ஒலித்தாலும் வேறு சொல் பிறப்பதில்லை. ஆகவே இம்மூன்றும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள் என்கிறோம். இவ்வாறு இடங்களைப் பங்கிட்டுக்கொண்டு வருவதைத் துணைநிலை வழக்கு என்பர்.

இதற்கு மாறாக 'தலை', 'தளை', 'தழை' என்பவற்றை நோக்குக. லகர, ளகர, ழகரங்கள் இங்கே ஒரே சூழலில் வருகின்றன. ஒன்றை மாற்றினால் பொருளே மாறிவிடுகிறது. பேச்சில் ழகரத்தை ளகரமாக ஒலிப்போர் பலர். அவர் காதில் இரண்டும் ஒன்றாக விழுவதால் அவை மொழியமைப்பில் ஒன்றாகிவிடுவதில்லை.

மலாய் மொழியைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு நுட்பம் விளங்கும். மலாயில் ஆராய்தலைக் குறிக்கும் சொல்லும் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லும் முதலொலியின் அதிர்வால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'காஜி' என்றே எழுத நேர்கிறது. தமிழில் ஒன்றாக நிற்பது மலாயில் இரண்டாக நிற்கிறது. எனவே ஓர் அமைப்பில் கண்ட முடிவை மற்றோர் அமைப்பில் சோதிக்காமல் பொருத்தக் கூடாது.

இவற்றிலிருந்து மூன்று விதிகளைப் பெறுகிறோம். இடம் வேறுபட்டதாலேயே பொருள் இரண்டு என்று கொள்ள இயலாது. தோற்றம் ஒத்திருப்பதாலேயே பொருள் ஒன்று என்றும் கொள்ள இயலாது. ஓரிடத்தில் கண்ட அடையாளத்தை வேறோர் இடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். இம்மூன்று விதிகளையும் கையில் கொண்டு அன்னாசித் தோட்டத்துக்குள் செல்வோம்.

செடியோடு வந்த பெயரும் பூச்சியும்

'அன்னாசி' என்பது பிறமொழிச் சொல். தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழியில் வழங்கிய பெயர் போர்த்துகீசியர் வாயில் 'அனனாஸ்' ஆகித் தமிழுக்கு வந்தது. மலாயின் 'நனாஸ்', 'நெனாஸ்' ஆகிய வடிவங்களும் அதே வேரைச் சேர்ந்தவையே. ஜொகூரில் பொந்தியான் மாவட்டத்திலுள்ள பெக்கான் நெனாஸ் என்னும் ஊரின் பெயரிலேயே அன்னாசி குடியேறிவிட்டது. 1957ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகம் ஜொகூர் பாருவில் உள்ளது. வேறு பல பயிர்களுக்கு ஒவ்வாத புளிப்புத்தன்மை கொண்ட சதுப்புக் கரிமண்ணில் அன்னாசியைப் பயிரிடுவது இம்மாநிலத்தின் சிறப்பு.

அன்னாசி பொதுவாக விதையால் பயிரிடப்படுவதில்லை. பழத்தின் தலையிலுள்ள கொண்டையையோ தாய்ச்செடியிலிருந்து கிளைக்கும் கன்றையோ நடுவர். இலைகள் நெருங்கி அடுக்கிய அக்கன்றின் இடுக்குகளில் மறைந்திருக்கும் பூச்சியும் அதனோடு பயணம் செய்யும். அன்னாசியைப் போலவே அதன் மாவுப்பூச்சியும் வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்பது பூச்சியியலாளரின் கருத்து. செடியோடு பெயர் கடல் கடந்தது. பூச்சியும் கடல் கடந்தது.

மாவுப்பூச்சி அசுவினிக்கும் செதில்பூச்சிக்கும் உறவானது. முதிர்ந்த பெண்பூச்சியின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதற்குச் சிறகில்லை, முட்டை வடிவ உடலை வெண்மையான மெழுகுத்தூள் மூடியிருக்கும். மாவில் புரட்டியெடுத்தாற்போன்ற அத்தோற்றமே தமிழ்ப் பெயருக்குக் காரணம். மலாயில் இதனைக் 'கோயா' என்பர். ஆண்பூச்சிக்குச் சிறகுண்டு, ஆனால் வளர்ந்தபின் அது உண்பதில்லை, விரைவில் மடிந்துவிடும். செடிக்குத் தீங்கு விளைவிப்பவை பெண்பூச்சிகளும் இளங்குஞ்சுகளுமே.

ஊசியினும் நுண்ணிய வாய்க்குழலைச் செடியின் திசுவுக்குள் செலுத்தி, உணவுச்சாறு ஓடும் குழாய்களிலிருந்து இப்பூச்சி உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்துக் குறைவு. தேவையான சத்தைப் பெற மிகுதியாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரை நீர் இனிப்புக் கழிவாக வெளியேறுகிறது. எறும்புகள் மாவுப்பூச்சியை நாடி வருவது இவ்வினிப்புக்காகவே. எறும்பு கழிவை உண்டு பூச்சியின் இருப்பிடத்தைத் தூய்மையாக வைக்கிறது. பூச்சியை உண்ண வரும் பொறிவண்டு போன்ற எதிரிகளை விரட்டுகிறது. எறும்பு குறைந்தால் மாவுப்பூச்சியும் குறைவது தோட்டங்களில் கண்ட உண்மை.

இளஞ்சிவப்பும் சாம்பலும்

அன்னாசி மாவுப்பூச்சிக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1893ஆம் ஆண்டில். ஜமைக்காவில் அன்னாசியிலிருந்து கிடைத்த பூச்சியைக் காக்கெரல் என்னும் அறிஞர் விவரித்து, 'பிரெவிப்பெஸ்' என்ற இனப்பெயரை இட்டார். 'குறுங்கால்' என்பது இந்த லத்தீன் சொல்லின் பொருள். இன்று அதன் முழுப்பெயர் டிஸ்மிகாக்கஸ் பிரெவிப்பெஸ்.

ஹவாய்த் தீவுகளில் அன்னாசித் தொழில் பெருகியபோது இப்பூச்சி பேரிடராக உருவெடுத்தது. 1930களில் அங்கு ஆய்வு நடத்தியோர், 'குறுங்கால்' என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு வடிவங்கள் இருப்பதைக் கண்டனர். ஒன்றின் உடல் மெழுகுத்தூளின்கீழ் இளஞ்சிவப்பு நிறம் கொண்டிருந்தது. மற்றொன்று சாம்பல் நிறம் கொண்டிருந்தது. இளஞ்சிவப்பு வடிவம் செடியின் அடிப்பகுதியில், வேர்களிலும் மண்ணை ஒட்டிய இலையடிகளிலும் பெருகியது. சாம்பல் வடிவம் மேற்பகுதியில், இலைகளிலும் கொண்டையிலும் காயிலும் வாழ்ந்தது.

இங்கே நம் முதல் விதி நினைவுக்கு வர வேண்டும். ஒன்று கீழே, ஒன்று மேலே என்பது மட்டுமே சான்றானால், ககரத்தின் மாற்றொலிகளைப் போல ஓரினமே இடத்துக்கேற்ப இரு நிறம் கொண்டது என்றும் சொல்லலாம் அன்றோ? வெயில் படும் இடத்தில் ஒரு நிறம், மண்ணோரத்தில் ஒரு நிறம் என்று விளக்கிவிடலாம். ஆகவே வேறு சான்றுகள் வேண்டியிருந்தன. அவை ஒவ்வொன்றாகக் கிடைத்தன.

முதலாவது, உண்ணும்போது விளையும் அடையாளம். சாம்பல் பூச்சி இலையில் உறிஞ்சிய இடங்களில் பச்சைப்புள்ளிகள் தோன்றின. இளஞ்சிவப்புப் பூச்சி அத்தகைய புள்ளிகளை உண்டாக்கவில்லை. இரண்டாவது, இனப்பெருக்கம். ஹவாயில் இளஞ்சிவப்புப் பூச்சி ஆணின் துணையின்றியே குஞ்சு ஈன்றது. சாம்பல் பூச்சிக்கு ஆண்துணை வேண்டியிருந்தது. இரண்டும் முட்டையிட்டுவிட்டு நீங்காமல் உயிருள்ள குஞ்சுகளையே வெளிவிடுவன என்பது அவற்றின் பொதுவியல்பு. மூன்றாவது, உணவுச்செடிகள். இளஞ்சிவப்புப் பூச்சி புல்வகைகளின் வேரிலும் வாழவல்லது. சாம்பல் பூச்சியோ கற்றாழையை ஒத்த நார்ச்செடிகளில் பெருகவல்லது. நான்காவது, உடலமைப்பு. நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, முதுகின் பின்முனைப் பகுதியிலுள்ள நுண்முடிகள் இளஞ்சிவப்புப் பூச்சியில் நீண்டும் சாம்பல் பூச்சியில் குறுகியும் இருந்தன.

இச்சான்றுகள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. எனினும் அனைத்தும் ஒரே கோட்டில் பிரிந்தன. 1959ஆம் ஆண்டு பியர்ட்ஸ்லி என்னும் பூச்சியியலாளர் சாம்பல் வடிவத்தைத் தனியினமாக விவரித்து, அதற்கு 'நியோபிரெவிப்பெஸ்' என்று பெயரிட்டார். 'புதிய குறுங்கால்' என்று அதனைத் தமிழாக்கலாம். பூச்சி புதிதன்று, அதை வேறென்று கண்டதே புதிது.

அடையாளம் இடம் மாறினால்

மூன்றாம் விதி இங்கே நமக்குத் தேவைப்படுகிறது. ஹவாய் ஆய்வை மட்டும் படித்த மாணவர் ஒருவர், 'ஆண்பூச்சி இருந்தால் சாம்பல் இனம், இல்லையேல் இளஞ்சிவப்பு இனம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளக்கூடும். அந்தக் குறிப்போடு அவர் மலேசியத் தோட்டத்துக்கு வந்தால் தவறிவிடுவார். ஏனெனில் ஆண், பெண் இரண்டும் கொண்ட இளஞ்சிவப்புக் கூட்டம் மலேசியாவில் உண்டு. அதன் வாழ்வியல் பற்றிய ஆய்வு 1970களிலேயே இங்கு வெளிவந்துள்ளது. ஹவாயில் இரண்டு இனங்களைப் பிரித்துக்காட்டிய ஓர் அடையாளம் இங்கே அவற்றைப் பிரிப்பதில்லை. தமிழுக்கும் மலாய்க்கும் இடையே ககரம் கற்பித்த பாடத்தைப் பூச்சியும் கற்பிக்கிறது.

நிறமும் அவ்வாறே முழு நம்பிக்கைக்கு உரியதன்று. மெழுகுத்தூள் தடித்திருக்கும்போது உள்ளே இருக்கும் நிறம் எளிதில் புலப்படாது. நுண்முடி போன்ற உடலமைப்புச் சான்றே இறுதியில் துணை நிற்கிறது. அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வும் அதற்கு உறுதுணையாகிறது.

வேறுபாட்டால் விளையும் பயன்

இவ்வளவு நுட்பம் ஓர் உழவருக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். விடை வாடல் நோயில் இருக்கிறது. அந்நோய் கண்ட அன்னாசியின் இலைகள் சிவந்து, நுனிகள் கீழ்நோக்கி வளைந்து, விறைப்பு இழந்து வாடும். வேர்கள் வளர்ச்சி நின்று அழியும். பூச்சியின் உமிழ்நீரிலுள்ள நஞ்சே காரணம் என்று முன்னர் கருதினர். பின்னர் நச்சுயிரிகள் செடிக்குள் கண்டறியப்பட்டன. ஹவாயில் நடந்த சோதனைகளில், குறிப்பிட்ட ஒரு நச்சுயிரியும் மாவுப்பூச்சியின் உறிஞ்சலும் சேர்ந்தபோதே வாடல் தோன்றியது. ஒன்று மட்டும் இருந்த செடிகள் வாடவில்லை. இரண்டு மாவுப்பூச்சி இனங்களும் அந்நச்சுயிரியைச் செடிக்குச் செடி கடத்தவல்லவை.

அப்படியானால் இரண்டையும் ஒன்றாகவே நடத்தலாமே என்று தோன்றும். தீங்கு ஒன்றுதான், ஆனால் தேடவேண்டிய இடம் வேறு. சாம்பல் இனத்தை மட்டும் அறிந்தவர் கொண்டையையும் இலையையும் பார்த்துவிட்டு, செடி தூயது என்று முடிவு செய்வார். வேரடியில் இளஞ்சிவப்பு இனம் பெருகிக்கொண்டிருக்கும். இளஞ்சிவப்பு இனத்தை மட்டும் அறிந்தவர் வேரடியைச் சோதித்துவிட்டு, பூச்சி குடியிருக்கும் கொண்டையை வெட்டி அடுத்த வயலில் நட்டுவிடுவார். புல்லை அகற்றுவது ஓரினத்தின் புகலிடத்தைக் குறைக்கும். மற்றதற்கு அதனால் பெரும் இழப்பில்லை. இரண்டுக்கும் பொதுவான தற்காப்பும் உண்டு: தூய கன்றுகளைத் தேர்தல், நடுமுன் கொண்டைகளை 50 பாகை செல்சியசு வெந்நீரில் 30 நிமிடம் வைத்தல், எறும்புகளைக் கட்டுப்படுத்தல். எது பொது, எது சிறப்பு என்று பிரித்தறிய, இனம் இரண்டு என்னும் அறிவே முதற்படி.

ஒரு கண்டம் கற்ற பாடம்

இனத்தைப் பிரித்தறியாமையின் விலை எவ்வளவு என்பதை ஆப்பிரிக்க வரலாறு காட்டும். மரவள்ளியும் தென்னமெரிக்கச் செடியே. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவு. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றங்கரை நாடுகளில் அதுவரை அறியப்படாத மாவுப்பூச்சி ஒன்று மரவள்ளியைத் தாக்கி, விரைந்து பிற நாடுகளுக்கும் பரவியது. 1977இல் அதற்கு ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிடப்பட்டது.

அதன் தாயகத்திலிருந்து இயற்கை எதிரிகளைக் கொணர அறிஞர்கள் தென்னமெரிக்காவில் தேடினர். கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் வாழும் மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொணர்ந்தபோது, அவை ஆப்பிரிக்கப் பூச்சியை ஏற்கவில்லை. நுணுகிப் பார்த்தபோது காரணம் விளங்கியது: வடபகுதியில் கிடைத்தது தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம். அதில் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஆப்பிரிக்காவைத் தாக்கியதோ ஆண்துணையின்றிப் பெருகுவது. முதல் இனத்துக்கு ஃபெனகாக்கஸ் ஹெரெனி எனப் பெயரிட்டனர். 1981இல் பராகுவேயில் உண்மையான இனம் கண்டறியப்பட்டது. அங்கிருந்து வந்த லோபெசி என்னும் நுண்குளவி அதே ஆண்டு நைஜீரியாவில் விடப்பட்டு, பின்னர் பல நாடுகளில் நிலைபெற்று, பூச்சியை அடக்கியது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரென் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இவ்வரலாறு தமிழ் நிலத்தையும் எட்டியது. 2020இல் கேரளத்தில் இதே பூச்சி காணப்பட்டது. தொடர்ந்து சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளி வயல்களிலும் பரவியது. அப்போது இனம் எது, அதன் எதிரி எது என்று தேட வேண்டிய நிலை இல்லை. அதே நுண்குளவி ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் உழவர் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இரண்டு பூச்சிகளை இரண்டு என்று கண்டதன் பயனை ஏத்தாப்பூர் உழவர் பெற்றார்.

பெயரிடும் பொறுப்பு

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 'மாவுப்பூச்சி' நல்ல சொல், கண்டதும் விளங்குவது. ஆனால் அது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். இனத்தைக் குறிக்க அடைமொழி வேண்டும். நிறத்தை மட்டும் அடையாகக் கொண்டு 'இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி' என்றால் போதாது. செம்பருத்தியைத் தாக்கும் வேறோர் இனத்தையும் அவ்வாறே அழைக்கிறோம். 'அன்னாசி மாவுப்பூச்சி' என்றாலோ, பழைய குழப்பத்துக்கே திரும்புகிறோம். செடியையும் நிறத்தையும் சேர்த்து 'அன்னாசி இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி', 'அன்னாசிச் சாம்பல் மாவுப்பூச்சி' என்று வழங்குவது தெளிவு தரும். உழவர் பேச்சுக்கு 'அடிமாவுப்பூச்சி', 'கொண்டை மாவுப்பூச்சி' என்னும் எளிய வடிவங்களும் ஏற்கும். எங்கே தேடவேண்டும் என்பதை அப்பெயர்களே சொல்லிவிடும். ஆயினும் அவை வழக்கமான இருப்பிடத்தைக் குறிப்பனவே. இனத்தை உறுதிசெய்யும் சான்று ஆகா என்பதை மாணவர்க்கு உடன் சொல்ல வேண்டும்.

தமிழுக்கு இந்த ஒழுங்கு புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகிறது. எறும்பையும் கறையானையும் மூவறிவுயிர்களில் சேர்த்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களில் சேர்க்கிறது. நண்டும் தும்பியும் உருவில் ஒவ்வாதவை. வாழும் இடத்திலும் வேறுபட்டவை. எனினும் புலனறிவு என்னும் இயல்பை அளவுகோலாகக் கொண்டதால் அவை ஓரணியில் நிற்கின்றன. இன்றைய உயிரியல் அந்த வகைப்பாட்டை ஏற்காது. ஆனால் தோற்றத்தைக் கடந்து ஓர் இயல்பை அளவுகோலாக நிறுத்திப் பெயரிட வேண்டும் என்ற எண்ணம் நம் மரபில் உள்ளது.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். ஓர் அன்னாசிச் செடியை வேரோடு வகுப்புக்குக் கொணருங்கள். மாணவர் உருப்பெருக்கியோடு வேரடியையும் இலையிடுக்கையும் கொண்டையையும் தனித்தனியே சோதிக்கட்டும். மாவுப்பூச்சி கிடைத்தால், எங்கே கிடைத்தது, என்ன நிறம், இலையில் பச்சைப்புள்ளி உண்டா, எறும்பு உண்டா என்ற நான்கையும் எழுதட்டும். பிறகு, 'இச்சான்றுகளைக் கொண்டு எவ்வளவு உறுதியாகப் பெயரிடலாம்?' என்று கேளுங்கள். 'இன்னும் நுண்ணோக்கி வேண்டும்' என்று ஒரு மாணவர் விடை சொன்னால், அவருக்கு முழு மதிப்பெண் வழங்குங்கள். 'தலை', 'தளை', 'தழை' என்று தெளிவாக ஒலிக்கக் கற்பிப்பதும், இரண்டு பூச்சிகளைப் பிரித்தறியக் கற்பிப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள். வேறுபாட்டைக் கேட்கவும் காணவும் பழகிய பிள்ளையிடம் சொல்லும் பிழைபடாது, பயிரும் பிழைத்துக்கொள்ளும்.